பாத்தியில் புகும் வேர்கள்

ஆண்டுகள் பல ஜபமும் தியானமும் செய்தும் உள்ளம் மலரவில்லையே என வருந்தும் அன்பர் பலர். ஒரு தோட்டக் காட்சி இதனை விளக்கும்.

மரத்தருகே மேட்டுப்பாத்தி அமைத்து, நீரும் எருவும் குறைவின்றி இட்டும், சில பருவங்களில் பயிர் வாடுகிறது. மண்ணைக் கிளறினால், அடியிலிருந்து ஏறிவந்த சல்லிவேர்கள் வலையெனப் பின்னிக் கிடக்கின்றன. மரத்திற்குப் பகையில்லை, ஈரமுள்ள இடத்தில் வேர் தழைக்கும். நாம் வார்த்த நீரே அதற்கு உணவாயிற்று.

அவ்வாறே, 'நான் சாதகன்' என்னும் பெருமையும் புகழாசையும் நம் சாதனையையே பருகி வளர்கின்றன. கீதையின் 15-ஆம் அத்தியாயம், சம்சார மரத்தின் வேர்கள் கீழும் பரவி மனிதரைக் கர்மத்தில் பிணைப்பதைக் கூறுகிறது. விருப்பு வெறுப்புகளின் வாசனைகளே அவ்வேர்கள் என்பது ஸ்ரீ சங்கரரின் விளக்கம்.

வேரை அறுத்தால் மட்டும் போதாது. அறுத்த இடத்தருகே புதிய வேர்கள் கிளைக்கும். ஆதலின் தோட்டக்காரர் பாத்தியைக் கால்கள்மீது உயர்த்தி, தரையினின்று பிரித்து வைக்கிறார். இடைவெளியில் மண்ணும் சருகும் சேராதவரை வேர் தாவி ஏறாது.

கீதை தரும் ஆயுதமும் பற்றின்மையே. சாதனையைக் கைவிட வேண்டாம். அதற்கும் 'என்னுடையது' என்னும் எண்ணத்திற்கும் நடுவே இடைவெளி அமைப்போம். அதில் சருகு சேராதபடி நாள்தோறும் நம்மை நாமே சோதித்து, பலனை இறைவன் திருவடியில் வைப்போம். பயிர் தானே செழிக்கும்.