டிரோசனின் கணக்கு

கூடைப்பந்து ஆட்டக்காரரை எண்களை வைத்து எடைபோடலாமா என்று என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவனுக்கு எண் எதற்கு என்கிறது ஒரு கட்சி. கண் ஏமாறும், எண் ஏமாறாது என்கிறது மற்றது. நிறுவனங்களின் தரவுகளைத் தொகுத்து அறிக்கையாக்கிக் கொடுப்பது என் தொழில். அதனால் நான் இரண்டாவது கட்சியில் இருக்க வேண்டியவன். பெரும்பாலும் இருக்கிறேன். 2018 ஜூலையில் டொராண்டோ ராப்டர்ஸ் அணி டிமார் டிரோசனை அனுப்பிவைத்ததை நினைக்கும்போது மட்டும் அந்தக் கட்சியின் கொடியைப் பிடிக்கக் கை கூசுகிறது.

முதலில் எண்களுக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். பில் ரஸ்ஸல் பாஸ்டன் அணியோடு 11 முறை கோப்பை வென்றவர். கூடையை நோக்கி வரும் பந்தை நடுவானில் தட்டிவிடுவதில் பெரும் பெயர் எடுத்தவர். எத்தனை பந்துகளைத் தட்டிவிட்டார்? அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. என்பிஏ அதை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். அவர் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆக, புதிய புள்ளியியல் வருவதற்கு முன்பும் எண்கள் இருந்தன. எதை எண்ணுவது, எதை விடுவது என்று யாரோ தீர்மானித்த எண்கள். கூடையில் பந்தைப் போட்டவன் பேர் பெற்றான், போடவிடாமல் தடுத்தவன் மற்றவர்களின் நினைவை நம்பி இருந்தான்.

ஷேன் பாட்டியர் கதை தெரிந்திருக்கலாம். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு ஆடியவர். பட்டியலில் பார்த்தால் புள்ளி குறைவு, ரீபவுண்ட் குறைவு, எல்லாம் சுமார். ஆனால் அவர் களத்தில் நிற்கும் நேரத்தில் அணி கூடுதலாக முன்னேறியது. கோபி பிரையன்ட்டுக்கு எந்த இடத்திலிருந்து எறிந்தால் குறைவாக விழும் என்று படித்துவைத்து, அவரை அந்த இடத்துக்கே ஒதுக்கிக்கொண்டு போவார். மைக்கேல் லூயிஸ் 2009இல் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கைதட்டல் வாங்காத உழைப்பை வெளியே கொண்டுவந்தது கணக்குதான். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் பாட்டியர் போன்றவர்களுக்குக் காலமெல்லாம் அநீதி நடந்திருக்கும்.

சரி, ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முந்தியது, பிந்தியது என்று பார்க்கும் இந்தக் கூட்டல் கழித்தல் எதைச் சொல்கிறது? யாரோடு நின்றார், யாரை எதிர்த்து நின்றார் என்பதும் அதற்குள் கலந்து கிடக்கிறது. களத்தில் இருக்கும் பத்துப் பேரையும் சேர்த்துச் சமன்பாடு போட்டு அந்தக் கலப்பைப் பிரிக்கப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. நாதஸ்வரமும் தவிலும் எப்போதும் சேர்ந்தே ஒலித்தால், கூட்டம் எதற்காக வந்தது என்று எப்படிப் பிரிப்பது? எப்போதும் சேர்ந்தே ஆடும் இருவரைக் கணக்கு பிரித்துக் காட்டும்போது, அதில் கொஞ்சம் ஊகமும் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் அந்தப் பிழையெல்லையையும் சேர்த்தே சொல்வார்கள். அறிக்கை மேலே போகப் போக முதலில் உதிர்வது அந்த எல்லைதான். நான் பார்த்த அலுவலகங்களிலும் அப்படித்தான்.

டிரோசனுக்கு வருகிறேன். ட்ரேசி மெக்ரேடி, வின்ஸ் கார்ட்டர், கிறிஸ் பாஷ் என்று நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வெளியேறிய நகரம் இது. 2009இல் வந்த டிரோசன், 2016இல் போக வாய்ப்பிருந்தும் இங்கேயே கையெழுத்திட்டார். அவருக்குப் பிடித்தது நடுத்தூர எறிதல். கணக்குக்குப் பிடிக்காததும் அதுதான். நூற்றுக்கு 40 விழும் இரண்டு புள்ளி எறிதல் சராசரியாக 0.8 புள்ளி தரும். நூற்றுக்கு 36 மட்டுமே விழும் மூன்று புள்ளி எறிதல் 1.08 தரும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, மறுக்க முடியாது. 2018இல் அணி 59 ஆட்டங்களை வென்றும் கிளீவ்லாண்டிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. டிரோசனை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து கவாய் லெனர்டை வாங்கினார்கள். போக வேண்டியிருக்காது என்று தனக்குச் சொல்லப்பட்டிருந்ததாக டிரோசன் வருந்தினார். அணித் தலைவர் மசாய் உஜிரி, பேச்சில் ஏற்பட்ட இடைவெளிக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த ஆண்டே கோப்பை வந்தது. எனவே முடிவு சரி என்கிறார்கள். ஆனால் 2019 மே 12 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், 90-90 என்ற நிலையில், லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்துவிட்டுத்தான் உள்ளே விழுந்தது. வெளியே விழுந்திருந்தால் கூடுதல் நேரம், அதற்குப் பிறகு எதுவும் நடந்திருக்கலாம். ஒரு செயலின் சரி தவறு அந்த நான்கு குதிப்பில் தொங்குமா? பெர்னார்ட் வில்லியம்ஸ் இதையொட்டிய சிக்கலை 1976இல் விவாதித்தார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போன கொகானை எடுத்துக்கொண்டு, அவர் வென்றாலும் விடப்பட்டவர்களின் குறை அதனால் தீர்ந்துவிடாது என்றார். கோப்பை வராமல் போயிருந்தாலும் அந்தப் பரிமாற்றம் நியாயமான பந்தயம்தான் என்பது என் எண்ணம். டிரோசனுக்கு நகரம் பட்ட கடன், கோப்பை வந்ததாலும் அடையவில்லை.

எண்களோடு எங்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. 1967இல் கனடா புள்ளி போட்டுக் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்தில் நிறமும் பிறந்த நாடும் பார்த்தார்கள். அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் இங்கே இல்லை. இன்றைய கணக்கில் 45 வயதுக்காரருக்கு வயதுக்கான புள்ளி பூஜ்யம். நாற்பதுகளில் இருப்பவன் இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி பார்க்கக்கூடாது. எனக்கு முதன்முதலில் பேஸ்மென்ட்டை வாடகைக்குத் தந்த யாழ்ப்பாணத்து அண்ணன் அகதியாக வந்தவர். அவரிடம் யாரும் புள்ளி கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு நீ எவ்வளவு பயன்படுவாய் என்பது ஒரு கேள்வி. உன்னைத் திருப்பி அனுப்பினால் உனக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி வாசல் வைத்திருந்தார்கள்.

விளையாட்டு அணிக்கு அப்படி இரண்டாவது வாசல் தேவையா? அது தர்மசத்திரமல்ல என்று என் நண்பர் சொல்வார். இருக்கட்டும். ஆனால் ‘எண் அப்படித்தான் சொல்கிறது’ என்ற வாக்கியத்தில் முடிவெடுத்த ஆள் காணாமல் போய்விடுகிறார். ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். திரையில் ஓடியது நான் செய்துகொடுத்த அட்டவணை. உஜிரியின் மன்னிப்பை நான் மதிப்பது இதனால்தான். அவர் எந்த அட்டவணைக்குப் பின்னாலும் நிற்கவில்லை.

2019 பிப்ரவரியில் டிரோசன் எதிரணிச் சட்டையோடு டொராண்டோவுக்கு வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையில், அவர் கையிலிருந்த பந்தை லெனர்ட் பறித்துக்கொண்டு ஓடிக் கூடையில் திணித்தார். ராப்டர்ஸ் 120-117 என்று வென்றது. அந்த நொடிக்குப் பட்டியலில் டிரோசன் பெயரில் ஒரு பந்திழப்பு, லெனர்ட் பெயரில் ஒரு பறிப்பு, இரண்டு புள்ளிகள்.