மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்

விடாமுயற்சி நல்ல குணம் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் அதைத்தான் மனப்பாடம் செய்தோம். இப்போது அலுவலகத்தில் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் கேட்கிறோம். நெடுந்தூரம் ஓடுபவர்களிடம் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாக இருக்கும். "ஒடம்பு பொய் சொல்லும், மனசு சொல்றத கேளு" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். உத்தரவு போடுகிற 'நான்' யார்? உத்தரவை வாங்கிக்கொண்டு ஓடுகிற 'நான்' யார்? பாராட்டு முதல் ஆளுக்குப் போகிறது. விலை கொடுப்பது இரண்டாவது ஆள். ஒருவனுக்குள்ளேயே இப்படி முதலாளியும் கூலியும் இருந்தால், அவர்களுக்கு இடையில் நியாயம் அநியாயம் என்று ஒன்று உண்டா?

கடந்த ஆண்டு ஜனவரியில் ஷா ஆலம் ஏரிப் பூங்காவில் ஓடத் தொடங்கினேன். நம்மூர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் விடிவதற்கு முன் ஓடினால்தான் உண்டு. மார்ச்சில் 10 கிலோமீட்டர், ஜூலையில் 21. வாரத்துக்கு வாரம் தூரத்தை 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக்கூடாது என்று ஓட்டக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. அதை எக்செலில் போட்டு அப்படியே கடைப்பிடித்தேன். 42.195 கிலோமீட்டர் மாரத்தானுக்கு ஏழு வாரம் இருந்தபோது, இடது காலின் முன்னெலும்பில் விரல்நுனி அளவு இடம் மட்டும் வலிக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எம்ஆர்ஐயில் தெரிந்தது. "எலும்பு ஒடையல. ஒடையறதுக்கு ரெடியா இருக்கு" என்றார் மருத்துவர். எட்டு வாரம் ஓடக்கூடாது.

இயந்திரவியல் படித்தவனுக்கு இந்த வகை முறிவு புதிதல்ல. 1842-இல் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று அந்த அச்சுக்கு யாரும் கூடுதலாகப் பாரம் ஏற்றிவிடவில்லை. தினமும் தாங்கிய எடைதான். பிறகு பிரஷ்ய ரயில்வே பொறியாளர் வோலர், அச்சுகளைப் பல்லாண்டுகள் சோதித்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார். ஒருமுறை ஏற்றினால் எளிதாகத் தாங்கும் எடையையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் இரும்பு ஒரு நாள் முறியும். நாங்கள் ஸ்கூடாயில் படித்தபோது 'களைப்பு' என்ற பெயரில்தான் இது பாடமாக இருந்தது. உலோகத்துக்குக் களைப்பு. அப்போது அந்தச் சொல் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வோலர் அச்சுகளோடு இருந்த அதே காலத்தில், 1855-இல், அதே பிரஷ்யாவில் பிரெய்ட்ஹவுப்ட் என்ற ராணுவ மருத்துவர் வேறொன்றைக் குறித்து வைத்தார். நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலித்தன. விழவில்லை, அடிபடவில்லை, நடந்தார்கள், அவ்வளவுதான். எக்ஸ்ரே வந்த பிறகே அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. அதற்கு 'அணிவகுப்பு முறிவு' என்றே பெயர். 21 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ இருபதாயிரம் அடிகள். ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. ஒரே ஒரு அடியை எடுத்துப் பார்த்தால் அது குற்றமற்றது.

ஆனால் எலும்பு இரும்பு அல்ல. விரிசல் கண்ட அச்சை ஒரு மாதம் கொட்டகையில் சும்மா போட்டு வைத்தாலும் விரிசல் மூடாது. எலும்பு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நைந்த பகுதியை முதலில் ஒருவகை செல்கள் கரைத்து எடுக்கும், இதற்குச் சில வாரங்கள். பிறகு வேறு செல்கள் வந்து புதிதாகக் கட்டும், இதற்குச் சில மாதங்கள். எடுப்பது வேகம், கட்டுவது நிதானம். ஆகவே உழைக்க ஆரம்பித்த எலும்பு வலுவாவதற்கு முன்னால் கொஞ்ச காலம் முன்பைவிட மெலிந்துதான் இருக்கும். வீட்டைப் புதுப்பிக்க ஒரு சுவரை இடித்துவிட்டு, அடுத்த சுவர் எழும்புவதற்குள் மாடியில் திருமணக் கூட்டத்தை ஏற்றுவதுபோலத்தான் அந்த நேரத்து ஓட்டம்.

'வலி' என்றால் இன்று நமக்கு நோவு. வள்ளுவருக்கு அது வலிமை. 48-ஆம் அதிகாரமான வலியறிதல் அரசனுக்குச் சொல்லப்பட்டது. செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என எல்லாவற்றையும் எடைபோட்டு இறங்கு என்கிறது. மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமையும் அதில்தான் வருகிறது. நாம் அந்த அதிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையை மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டோம். முயற்சியைப் பாடியவரேதான் அளவையும் பாடியிருக்கிறார்.

இதுவரை சொன்னதை வைத்து, "ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி, ஓய்வெடுத்தால் இன்னும் நன்றாக ஓடலாம்" என்று கட்டுரையை முடித்திருக்கலாம். எல்லா ஓட்டப் பயிற்சியாளரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தது, பாட்டியோடு பேசும்வரை.

பாட்டிக்கு 81 வயது. கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். நான் காலை நீட்டிக்கொண்டு கிடந்த நாள்களில் அவருக்கு இந்த விவகாரமே விளங்கவில்லை. "யாருடா தொரத்துனா ஒன்னைய?" என்று கேட்டார். யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் ஓடினேன் என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று பால்மரத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு மரத்தை இன்று வெட்டினால் நாளைக்கு வெட்டமாட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அதனால் இன்றைக்கு இந்த நிரை, நாளைக்கு அந்த நிரை. "அப்ப ஒங்களுக்கு, பாட்டி?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் ரெண்டு நெரையும்தான் வெட்டணும்" என்றார். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் சம்பளமும் இல்லை. மரத்துக்குக் கிடைத்த ஓய்வு நாள் வெட்டுகிறவளுக்கு அதே வடிவில் கிடைக்கவில்லை. மரம் முதல். அது வறண்டால் நட்டம் தோட்டத்துக்கு. பாட்டியின் முட்டி தேய்ந்தால் நட்டம் பாட்டிக்கு.

அதன்பிறகு "நன்றாக ஓடுவதற்காக ஓய்வு" என்ற வாசகம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அது தோட்டத்துக் கணக்கு. நாளைக்குப் பால் வேண்டும் என்பதற்காக இன்றைக்கு மரத்தை விடுவது. அதில் கருணை எதுவும் இல்லை, நல்ல நிர்வாகம் இருக்கிறது. என் எலும்பை நான் அப்படி நடத்தினால், எனக்குள் இருக்கும் அந்த முதலாளி கொஞ்சம் கெட்டிக்காரனாகியிருக்கிறான், அவ்வளவுதான். கூலி கூலியாகவேதான் இருக்கிறான்.

இன்னொன்றும் உறுத்தியது. பாட்டி நாலு மணிக்கு எழுந்ததும் நான் ஐந்து மணிக்கு எழுவதும் ஒன்றா? இருட்டு ஒன்றுதான், வியர்வையும் ஒன்றுதான். பதக்கமும் பையில் மைலோவும் கொடுக்கும் இடத்துக்கு நான் காசு கட்டிப் போகிறேன். வசதி வந்தவன் சிரமத்தை விலைக்கு வாங்குகிறான் என்று யாராவது கேலி செய்தால் முழுவதும் மறுக்க முடியாது. ஆனாலும் வித்தியாசம் சிரமத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். நிறுத்தும் உரிமையில் இருக்கிறது. பாட்டியால் நிறுத்த முடியாது. பிள்ளைகள் நாலு பேர், நாள்சம்பளம். என்னால் எந்த நிமிடமும் நிறுத்த முடியும். அந்த உரிமைதான் என் ஓட்டத்தை என்னுடையதாக ஆக்குகிறது. "நிறுத்துவது தோல்வி" என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டால், பாட்டிக்கு இல்லாமல்போன ஒன்றை நானே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இப்படிப் பேசினால் யாரும் எதையும் முடிக்கமாட்டார்கள் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். கடினமான எந்தக் காரியத்திலும் நடுவில் விட்டுவிடத் தோன்றும். நாவல் எழுதுபவருக்கும், நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் அது தோன்றும். ஆனால் நிறுத்த முடிவதும் நிறுத்துவதும் ஒன்றல்ல. நிறுத்தும் வழி திறந்திருந்தும் தொடர்கிறவரைத்தான் விடாமுயற்சி உள்ளவர் என்று சொல்ல முடியும். வழி அடைபட்டுத் தொடர்கிறவர் துரத்தப்படுகிறவர். துரத்துவது கங்காணியாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், கைக்கடிகாரத்தில் ஓடும் எண்ணாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே வேகத்தில்தான் ஓடுவார்கள். வித்தியாசம் ஓடுகிறவருக்குத்தான் தெரியும், அவரும் அவ்வப்போது நின்று பார்த்தால்தான் தெரியும்.

அந்த மாரத்தான் நான் இல்லாமல் நடந்து முடிந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள், நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஸ்ட்ராவாவில் மற்ற நாள்கள் வெறுமையாக இருக்கும். முன்பெல்லாம் அந்த வெறுமைக்குப் பக்கத்தில் மழை, வேலை, கால்வலி என்று ஏதாவது எழுதி வைப்பேன். இப்போது ஒன்றும் எழுதுவதில்லை. காரணம் சொல்லாமல் ஒரு நாளை விடுவது, 21 கிலோமீட்டரைவிட மெதுவாகத்தான் பழகுகிறது.