தெரியாமையும் பொறுப்பும்

மனை முகூர்த்தத்தன்று குழி தோண்டி, மஞ்சளும் பூவும் இட்டு, பூமித்தாயிடம் பொறுத்தருள வேண்டிக்கொண்ட பிறகுதான் தஞ்சைச் சீமையில் பலரும் அஸ்திவாரம் போடுகிறார்கள். காலடியில் கிடப்பது நம் அறிவுக்குள் அடங்காது என்ற ஒப்புதல் அந்தச் சடங்கில் இருக்கிறது. பொறியியலுக்கும் அந்த ஒப்புதல் வேண்டும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 என்ற இந்திய விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு தஞ்சாவூரை ஆபத்து மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் சேர்த்து, 0.10 என்ற மண்டலக் காரணியைக் கொடுத்தது. மனிதர் போட்ட மதிப்பீடு அது. நிலம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மகாராஷ்டிரத்துக் கில்லாரி அன்றைய வரைபடத்தில் அதற்கும் கீழான முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன் அந்த வட்டாரத்தில் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2002இல் முதல் மண்டலம் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் தெரியாத ஒன்றுக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்? நடப்பது நடக்கும் என்று விட்டுவிடலாமே என்று கேட்கலாம். தெரியாமையில் இரண்டு வகை உண்டு என்பதை இந்தக் கேள்வி பார்ப்பதில்லை. பூமி எப்போது, எவ்வளவு குலுங்கும் என்பது ஒரு வகை. அது நம் கையில் இல்லை. கலவையில் எவ்வளவு தண்ணீர் கூடியது, வரைபடத்தில் இல்லாத மாடி எப்போது ஏறியது, அடியில் எத்தனை அடிக்கு வண்டல் என்று மண் பரிசோதனை செய்தார்களா என்பவை இன்னொரு வகை. இவை நாமே உண்டாக்கியவை. கட்டடத்தின் எடை கூடினால் அதன்மேல் விழும் நிலநடுக்க விசையும் கூடும். மென்மையான வண்டல் அதிர்வைப் பெருக்கவும் கூடும். 2001இல் பூஜ் நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டவை. ஆற்று வண்டலின் மேல் நின்றவை. இதில் பூமியின் பங்கையும் நம் பங்கையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் விதி என்று பெயரிடுவது பக்தி ஆகாது.

பெரிய கோயில் ஆயிரம் ஆண்டாக நிற்கவில்லையா என்பார்கள். 1010இல் நிறைவெய்திய அந்தக் கருங்கல் விமானம் அகன்ற அடியிலிருந்து குறுகிக்கொண்டே எழுவது. மெலிந்த தூண்களின் மேல் மூன்று மாடியைச் சுமக்கும் வீட்டுக்கு அது சாட்சி சொல்லாது. வராமலே போகக்கூடிய ஒன்றுக்காக ஏழை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற கேள்விதான் கனமானது. மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா என்று தெரியாமலே குறுவைக்கு நிலத்தைத் திருத்தும் விவசாயி, பழுதாகும் குத்துகளுக்கென்று கொஞ்சம் நாற்றைக் கூடுதலாக விட்டு வைக்கிறார். தூணிலும் அப்படி ஒரு சிறு கூடுதல் உண்டு. முழு விசையையும் தாங்கும்படி யாரும் வீடு கட்டுவதில்லை. கம்பி முறியாமல் வளைந்து கொடுக்கும் என்று நம்பி, கணக்கில் விசையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையைத் தாங்குவது தூணைச் சுற்றிக் கட்டும் ரிங். அதன் முனையை 90 பாகையில் மடக்கி விட்டால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் பிரிந்து, உள்ளிருக்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும். 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கினால் அது கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும். செலவு சில அங்குலக் கம்பியும் கம்பி கட்டுபவரின் இன்னொரு மடக்கும்தான். மாடியில் வாடகைக்கு வந்து படுக்கும் குடும்பத்துக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே கான்கிரீட் அதை மூடியிருக்கும்.