தடமும் எண்ணும்

இசைத்தட்டின் பள்ளம் ஒலியலையின் நேரடித் தடம். இறுவட்டோ அவ்வலையைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குவது. ஆதலின் முன்னதே உண்மையானது என்பர் சிலர். இக்கூற்று ஆராயத்தக்கது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; அதன் இருமடங்கிற்கு மேல் அளந்தால் அவ்வெல்லைக்குட்பட்ட அலையை மீட்டெடுக்கலாம் என்பது கணிதம். மேலும், ஒலிநாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் மிகும்; எண்களின் படியோ மூலத்தோடு ஒக்கும். எனவே, எண்களாக்கியதால் உண்மை கெடவில்லை.

கெட்டது வேறொன்று. 36 படங்களே கொண்ட சுருள் ஒவ்வொரு முறையும் 'இஃது எடுக்கத்தக்கதா?' என வினவிற்று. இன்று கைத்தொலைபேசியில் அவ்வினா எழுவதில்லை. ஆயின், அன்றைய நிதானம் நமது அறமன்று. சுருளின் விலை விதித்த கட்டாயமே. பழைய கருவிக்கு மீள்வதால் அறம் வந்துவிடாது. கட்டாயம் நீங்கிய பின்னும் நின்று நோக்குவதும் இருந்து கேட்பதுமே அறம்.