யோபுவின் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள்

கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் அளக்கிறார்கள். மழை நாட்களில் வானொலியில் அந்த வீதியின் பெயர் வந்தாலே எங்கள் தோட்டத்துச் சனம் சாமான்களை உயரத்தில் ஏற்றத் தொடங்கிவிடும். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு நடந்த எங்கள் பங்கின் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: ஆண்டவர் ஏன் பட்டவனையே திரும்பவும் சோதிக்கிறார்? வழக்கம்போல விவிலியத்து யோபுவைச் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

காரணம் பக்கத்து வீட்டு அக்கா. அவர் முல்லைத்தீவு கள்ளப்பாட்டுக்காரி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. அலைக்குத் தமிழன், சிங்களவன் தெரியாது, உண்மைதான். ஆனால் அந்தக் கரைக்கு 2002 போர்நிறுத்தம் வரும்வரை சீமெந்தும் எரிபொருளும் தடை. எத்தனையோ குடும்பங்கள் ஓலைக்கும் மண்சுவருக்கும் கீழேதான் இருந்தன. அலை வந்த பிறகும் போர் விலகி நிற்கவில்லை. நிவாரணத்தைப் பகிர 2005 ஜூன் 24 அன்று அரசும் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய பிரிவுகளை உயர் நீதிமன்றம் ஜூலை 15 அன்று இடைநிறுத்தியது. அதே அலையில் அழிந்த இந்தோனேசியாவின் ஆச்சேயில் ஆகஸ்ட் 15 அன்று சமாதான ஒப்பந்தமே வந்துவிட்டது. இங்கே மறுபடியும் சண்டை. 2009இல் அக்கா காணி உறுதியையும் புருசனையும் இழந்தார். கையில் காசில்லாதவருக்குக் கொழும்பில் கிடைத்தது, வாடகை மலிவான இந்த ஆற்றோரம்தான். வெள்ளம் வடிந்தபின் நட்டஈடு கேட்கப் போனபோது வாடகை ஒப்பந்தம் எங்கே என்றார்கள். எஞ்சிய பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றிக் கூரைத் தீராந்தியில் கட்டி வைத்திருக்கிறார். அவற்றில் புருசனின் மரணச் சான்றிதழ் உண்டு, ஒப்பந்தம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு யோபு புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். பிள்ளைகள் இருந்த வீட்டைக் காற்று சாய்த்தது கடைசியில். அதற்கு முன்பே ஆயுதக் கூட்டம் இரண்டு முறை வந்து, மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுபோய், வேலைக்காரரை வெட்டிப்போட்டது. பிறகு அந்தப் புத்தகம் முழுக்க யோபுவின் குற்றம் என்ன, கடவுளின் நீதி என்ன என்றே வாதம். அந்தக் கொள்ளையரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்று அவனுடைய நண்பர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

காற்றைப் பற்றிக் கடவுளிடம் கேட்கலாம், யோபுவும் கேட்டான். சீமெந்தை மறித்தவர்களையும் நிவாரணத்தை முடக்கியவர்களையும் பற்றிக் கடவுளிடம் கேட்டு அழுவது, கேட்க வேண்டிய மனிதரைத் தப்பவிடுவதாகும். அடுத்த கூட்டத்தில் சோதனை என்ற சொல் வந்தால், அக்காவின் பொலித்தீன் பொதியைப் பிரித்துக் காட்டிவிட்டுப் பேசச் சொல்லப்போகிறேன்.