பொந்துமரமும் கொல்லாமையும்

பறவையைக் கண்ணியிட்டுப் பிடியாதவனும் கல்லெடுத்து எறியாதவனும் தன்னைக் கொல்லாமையுடையான் என்று சொல்லிக்கொள்ளல் எளிது. அவன் மரத்தை மாத்திரம் வெட்டினான். அதிலிருந்த உயிர் தானே மாண்டது. இவ்வழக்கு நேரியதோ என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

போர்ணியோத் தீவின் வடபாலுள்ள சபா மாகாணக் காடுகளில் எட்டு வகை இருவாய்ச்சிப் பறவைகள் உள. இவை தாமே பொந்து குடைய வல்லனவல்ல. முதிர்ந்த பெருமரத்தில் இயல்பாயுண்டான பொந்தினுள்ளே பெடை புகுந்து, வாயிலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்து, அலகு நீட்டுமளவு பிளவொன்றே விட்டு அடைகாக்கும். பல வாரங்களாக அதற்கு அத்திப்பழமும் பிறவுங் கொணர்ந்து ஊட்டுவது ஆண் பறவையே. அம்மரம் சாயுமாயின் உள்ளிருப்பது பறந்து தப்பாது. பழத்தோடு மீளும் ஆணுக்கு வீடுமில்லை, பெடையுமில்லை.

வெட்டியவனுக்குக் கொல்லும் எண்ணமில்லை என்பாருமுளர். மெய்யே. ஆயினும் பொந்திலே உயிருண்டென்று அறிந்திருந்தும் அண்ணாந்து பாராமை குற்றமின்மை ஆகாது.

அற்றேல் மரமே வெட்டலாகாதோ? இதனை எழுதும் மேசையும் மரமேயாதலால், அவ்வாறு விதிக்க எமக்கு வாயெழவில்லை. மரத்தோடு மரத்தைப் பிணிக்குங் கொடிகளை முன்னரே அறுத்து வைத்தால், ஒன்று விழ அயலன உடன்விழுதல் குறையும். சாய்க்குந் திசையையும் இழுக்கும் பாதையையும் முன்குறித்தல், ஓடைக்கரையை விடல், பொந்துமரத்தையும் அத்தியையும் நிற்கவிடல் என்பனவும் அரிய காரியங்களல்ல. கோறையான மரத்தில் நல்ல பலகை பெரும்பாலும் கிடையாது. அதனையும் வீழ்த்துவது வெறும் பேதைமை.

இதனினும் பெரிய பழி பிறிதொன்றுண்டு. இருமுறை வெட்டுண்ட காடு கெட்ட காடு, அதனை அழித்து எண்ணெய்ப்பனை நடுக என்பதே அது. சபாவில் நடந்து 2011 இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, வெட்டப்படாத காட்டின் பறவையினங்களுள் நூற்றுக்கு 75 இற்கு மேற்பட்டவை இருமுறை வெட்டிய காட்டிலும் வாழ்கின்றன. எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலோ மிகச் சிலவே. காட்டின் அடிநிழலிலே பூச்சி தின்னும் சிறு பறவைகள் வெட்டினால் குறைகின்றன என்பதையும் மறைக்கிலோம். ஆனால் குறைந்தது என்பது வேறு, ஒழிந்தது என்பது வேறு. பள்ளிக்கூடத்திலே பல்லாண்டு நின்ற எமக்கு இவ்வழக்குப் புதிதன்று. ஒரு வகுப்பில் தவறிய பிள்ளையை உருப்படான் என்று இடாப்பிலிருந்து பெயர் நீக்குவோர் உரைப்பதும் இதுவேயன்றோ?

பலகை வாங்குங்கால் விலையைக் குறைத்துப் பேசுகின்றோம். எக்காட்டில், எவ்வாறு வெட்டப்பட்டதென்று வினவுவோர் அரியர். யாமும் இதுகாறும் வினவியதில்லை.