நாற்பது நாள் ஈகையும் ஆண்டு முழுவதும் உள்ள பசியும்

கிறித்தவத் திருச்சபைகள் பலவற்றில் உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாள்கள் நோன்புக்கும் மனந்திரும்புதலுக்கும் உரியவையாக ஒதுக்கப்பட்டுள்ளன. தென்னிந்தியத் திருச்சபையார் லெந்து நாள்கள் என்றும் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் வழங்கும் இக்காலம், சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய சனி வரை நீளும் 46 நாள்களில் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறையும் நீக்கிக் கணக்கிடப்படுவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எபிஸ்கோப்பல் திருச்சபை, அதாவது விடுதலைப் போருக்குப் பின் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆளுகையிலிருந்து விலகி, 1789இல் தனக்கென அமைப்பு விதிகளை வகுத்துக்கொண்டு, இன்று ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் உறுப்பாக விளங்கும் திருச்சபை, இந்நாள்களில் வழிபாட்டோடு வெளித்தொண்டையும் சேர்த்தே நடத்துகிறது. வாரத்தில் ஒரு மாலை சபையார் கூடி சூப்பும் ரொட்டியும் மட்டும் உண்டு, மிச்சமாகும் செலவை ஏழைகளுக்கு ஒதுக்குவதும், வீட்டுக்கு வீடு அட்டை உண்டியல் கொடுத்துச் சில்லறை சேர்ப்பதும், வறியோருக்கு மளிகைப் பொருள் வழங்கும் உணவு வங்கிகளுக்கு டின் உணவு திரட்டுவதும் அங்கே பரவலான வழக்கங்கள். திருச்சபையின் உச்ச ஆளுகை மன்றமாகிய பொதுப் பேரவை 2009இல் எடுத்த முடிவின்படி, உலகெங்கும் நிவாரணப் பணி செய்யும் அதன் வளர்ச்சி நிறுவனத்தை நினைவுகூர்ந்து ஆதரிக்கும் காலமாகவும் லெந்து கருதப்படுகிறது.

இவ்வழக்கங்களின் நன்மையை எவரும் மறுப்பதில்லை. எனினும், ஒருவர் தம் ஆன்மாவைச் சீர்செய்துகொள்ளக் குறித்த பருவத்தில் மற்றொருவரின் பசியைத் தீர்க்க முன்வருவதும், அப்பருவம் முடிந்ததும் கை ஓய்வதும் அறமாகுமா என்ற வினா எழாமல் போவதில்லை. பசிக்குப் பஞ்சாங்கம் இல்லை, நோன்புக்கு உண்டு. இவ்விரண்டின் கால அளவும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சிக்கலின் ஒரு பகுதி சாம்பல் புதன் வழிபாட்டிலேயே காணக் கிடக்கிறது. அன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரப் பகுதி, ஈகையையும் ஜெபத்தையும் நோன்பையும் பிறர் காணச் செய்யலாகாது என்றும், வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்றும், நோன்பிருப்பவர் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. அதைக் கேட்டு முடித்தவர்களே வரிசையில் வந்து நெற்றியில் சாம்பல் குறி பெற்று வீதிக்குத் திரும்புகிறார்கள். 2007இல் செயின்ட் லூயிஸ் நகரில் எபிஸ்கோப்பல் குருமார் இந்தச் சாம்பலைத் தெருமுனைக்கே எடுத்துச் சென்று வழிப்போக்கர்களுக்கு இடத் தொடங்கியபோது, அது பிற நகரங்களின் ரயில் நிலையங்களுக்கும் பரவியதோடு, மனந்திரும்புதல் இல்லாத அடையாளம் மலிவாகிவிடாதா என்ற கண்டனத்தையும் உடன் கொண்டுவந்தது. சாம்பல் குறியினால் எவருக்கும் தீங்கில்லை ஆதலின் அந்த விவாதத்தை இங்கே நீட்ட வேண்டியதில்லை. ஆனால் காட்சிப்படும் ஈகை அப்படிப்பட்டதன்று. அதில் காட்சிப்பொருளாக நிற்பவர் கொடுப்பவர் மட்டுமல்லர், தட்டை ஏந்தி நிற்கும் மற்றொருவரும்தாம்.

கடுமையான மறுப்பு இங்கிருந்துதான் பிறக்கிறது. மனிதர் எவரையும் வெறும் கருவியாகக் கொள்ளாமல், அவரையே இலக்காகவும் மதிக்க வேண்டும் என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் வகுத்த நெறி. அந்நெறியால் அளந்தால், தம் பாவ உணர்வைத் தணித்துக்கொள்ள ஏழையைத் தேடுபவர் அந்த ஏழையைத் தம் மீட்புக்கான சாதனமாக்குகிறார். வள்ளுவரின் ஈகை அதிகாரமோ இன்னும் நேரடியானது. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, பிற எல்லாம் திரும்பப் பெறும் எண்ணத்தோடு கொடுப்பவை என்று அது தொடக்கத்திலேயே பிரித்துவிடுவதால், ஆன்ம நிறைவைத் திரும்பப் பெறும் லெந்துக் கொடை எந்தப் பக்கத்தில் சேரும் என்று தமிழ் அறிந்தோர் கேட்பது இயல்பே.

இம்மறுப்புக்குச் சொல்லப்படும் வழக்கமான விடை, நோக்கம் கலப்பாயிருந்தாலும் சோறு சோறுதான் என்பது. இவ்விடை பொய்யன்று, ஆயினும் போதாது. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமையின் பேராயராயிருந்த பெரிய லியோ, தம் லெந்து மறையுரைகளில், நோன்பினால் தன் பந்தியில் குறைவது ஏழையின் பந்தியில் கூட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் கணக்கில் ஈகையற்ற நோன்பு வெறும் சிக்கனமே. அவர் வைத்த இந்த ஒழுங்கு கொடுப்பவரின் மனத்தைப் பற்றியதாக மட்டும் இல்லாமல் இரண்டு பந்திகளைப் பற்றியதாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் கூடிய பந்தி நாற்பது நாளுக்குப் பின் என்னவாயிற்று என்ற கேள்விக்கு அதிலும் விடை இல்லை.

விடையை வேறோர் இடத்தில் தேடலாம். எபிஸ்கோப்பல் சபைகளின் வழிபாட்டு முறைகள் அடங்கிய பொது ஜெபப் புத்தகத்தின் இன்றைய வடிவம் 1979இல் ஏற்கப்பட்டது. அதில் சாம்பல் புதனன்று குருவானவர் சபையாரை லெந்துக்கு அழைக்கும் பகுதி தன்னாய்வு, மனந்திரும்புதல், ஜெபம், நோன்பு, தன்மறுப்பு, வேத வாசிப்பு, தியானம் ஆகியவற்றைச் சொல்கிறதே தவிர, ஏழைகளுக்குக் கொடுப்பதை அப்பட்டியலில் தனியே சேர்க்கவில்லை. ஏழைகள் அந்த வழிபாட்டில் இடம்பெறுவது சற்றுப் பின்னால் வரும் மனந்திரும்புதல் மன்றாட்டில். பிறரைச் சுரண்டியதையும், மனிதரின் தேவையையும் துயரத்தையும் காணாதிருந்ததையும், அநீதியின் முன் அலட்சியமாயிருந்ததையும், படைப்பைப் பாழ்படுத்தியதையும் சபையார் அங்கே அறிக்கையிடுகிறார்கள். ஆக, அவ்வழிபாட்டில் ஏழையர் சபையின் தாராளத்தைப் பெறுவோராக அன்றி, சபையின் தவற்றால் பாதிக்கப்பட்டோராகவே தோன்றுகின்றனர். வழிபாட்டு நூல் தொகுத்தோர் இதை இவ்வளவு திட்டமிட்டுச் செய்தார்களா என்பது வேறு; ஒழுங்கின் விளைவு இதுதான்.

இது புதிய கருத்தும் அன்று. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயரான பேசில், வீட்டில் பூட்டிவைத்த ரொட்டி பசித்தவனுடையது என்றும், பெட்டியில் மடித்துவைத்த மேலாடை ஆடையற்றவனுடையது என்றும் போதித்தார். மிலான் நகரின் பேராயர் அம்புரோஸ், ஏழைக்குக் கொடுப்பவன் அவனுடையதையே அவனுக்குத் திருப்பித் தருகிறான் என்றார். லூக்கா நற்செய்தியில் வரி தண்டும் சகேயு மனம் திரும்பியவுடன், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொல்வதோடு நில்லாமல், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்களிக்கிறான். ஈகை வேறு, ஈடு செய்தல் வேறு என்பதை அவன் அறிந்திருந்தான். கொடுக்கும் தொகையையும் காலத்தையும் கொடையாளர் தம் விருப்பப்படி வரையறுத்துக்கொள்ளலாம். கடனாளிக்கு அந்த உரிமை இல்லை.

எபிஸ்கோப்பல் திருச்சபையைப் பொறுத்தவரை இது வெறும் உவமைக் கடனும் அன்று. அமெரிக்காவின் செல்வந்தரும் ஆட்சியாளரும் மிகுதியாகச் சேர்ந்திருந்த திருச்சபை அது. பல ஆலயங்களில் இருக்கைகள் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டதால் வாடகை கட்ட முடியாதவர் ஓரத்தில் ஒதுங்க நேர்ந்தது. 1846இல் நியூயார்க்கில் வில்லியம் அகஸ்டஸ் மியூலன்பெர்க் என்னும் குருவானவர் வாடகையில்லா இருக்கைகளோடு ஓர் ஆலயத்தைத் தொடங்கியது அக்காலத்தில் புதுமையாகப் பேசப்பட்டது. அடிமை முறையினால் இத்திருச்சபையும் பயன் பெற்றதை ஏற்று 2006இல் பொதுப் பேரவை மன்னிப்புக் கோரியது. 2008 அக்டோபரில் பிலடெல்பியாவில் அதற்கென மனந்திரும்புதல் வழிபாடும் நடைபெற்றது. வர்ஜீனியாவில் 1823இல் நிறுவப்பட்ட இத்திருச்சபையின் இறையியல் கல்லூரி ஒருபடி மேலே சென்று, 2019இல் 17 இலட்சம் டாலரை ஈட்டுத்தொகை நிதியாக ஒதுக்கி, அடிமை முறையிலும் அதன்பின் வந்த நிறப்பாகுபாட்டுச் சட்டங்களின் காலத்திலும் அங்கே உழைத்த கறுப்பினத்தாரின் வழிவந்தோருக்கு 2021 முதல் பணமாகவே கொடுக்கத் தொடங்கியது. அத்தொகை போதுமானதா என்று வாதிடலாம். ஆனால் அதைப் பெறுபவர் எவருக்கும் நன்றி சொல்ல வேண்டிய நிலையில் இல்லை என்பதும், கொடுப்பவருக்குப் பெருமை கொள்ள அதில் இடமில்லை என்பதும் தெளிவு. வலக்கை, இடக்கை பற்றிய நற்செய்தி அறிவுரை எளிதில் நிறைவேறுவது இத்தகைய கொடுக்கலில்தான்.

இனி, கடமை எந்த அளவில் நீள்கிறது என்பதை ஆராய வேண்டும். எல்லா உதவியும் ஒரே தன்மையது அன்று. லெந்து உண்டியலின் சில்லறை ஒரு நிவாரண நிறுவனத்தைச் சேர்ந்தால், ஆறு வாரத்தில் திரண்டது ஆண்டு முழுவதும் பங்கிட்டுச் செலவாகிறது. கொடுத்தவர் ஈஸ்டருக்குப் பின் மறந்தாலும் பெறுபவருக்கு அதனால் திடீர் இழப்பில்லை. சூடான சாப்பாடும், இரவு தங்க இடமும், தனித்திருக்கும் முதியவரை வாரந்தோறும் சென்று காண்பதும் அவ்வாறானவை அல்ல. அவற்றைப் பெறுபவர் அவற்றை நம்பித் தம் நாளை வகுத்துக்கொள்கிறார்; எங்கே உணவு கிடைக்கும் என்பதைப் பொறுத்தே எங்கே உறங்குவது, எந்தப் பேருந்துக்குக் காசு வைப்பது என்பதெல்லாம் அமைகின்றன. நம்பிக்கையை உண்டாக்கிய பின் அதைச் சொல்லாமல் கைவிடுவது, உதவாமல் இருந்ததைக் காட்டிலும் புதியதொரு தீங்கு. பருவகாலத் தொண்டின் குறை கொடுப்பவரின் தன்னலத்தில் இருப்பதைவிட, இந்த இடத்தில்தான் மிகுதியாக இருக்கிறது.

நியூயார்க்கின் செல்சி பகுதியிலுள்ள பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயத்தின் வரலாறு இவ்வகையில் ஊன்றிப் பார்க்கத் தக்கது. உறுப்பினர் குறைந்து ஆலயமே மூடப்படுமோ என்றிருந்த நிலையில், 1982இல் அச்சபை வீடற்றோருக்கு நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. அது வார நாள்தோறும் நடக்கும் பணியாக நிலைத்து, நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உணவு வழங்கும் அளவுக்கு வளர்ந்தது. 1990இல் தீ விபத்தில் ஆலயத்தின் கூரை அழிந்தபோதும் உணவு வழங்குவது ஒரு நாளும் நிற்கவில்லை. கட்டடத்தைப் புதுப்பித்தபோது, தரையோடு பொருத்தப்பட்ட நீள் இருக்கைகளை மீண்டும் வைக்காமல் விட்டதனால், ஞாயிறு திருவிருந்து நடக்கும் அதே கூடம் மற்ற நாள்களில் உணவுக் கூடமாகவும் பயன்பட்டது. ஒரு காலத்தில் பல ஆலயங்களில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட அத்தகைய இருக்கைகளை இத்திருச்சபையின் ஓர் ஆலயம் கைவிட்டுப் பசித்தவர்களுக்கு இடம் தந்தது என்பது, மேலே சொன்ன பழைய கணக்கோடு சேர்த்து வைக்கத் தக்க செய்தி. அங்கே லெந்துக்கென்று தனித் தொண்டு எதுவும் தேவைப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் நடப்பது லெந்திலும் நடக்கிறது, அவ்வளவே.

தொடர்ந்து செய்யும் தொண்டுக்கு வேறொரு விலை உண்டு. அதைச் சபை மட்டுமே செலுத்துவதில்லை. ஒரிகன் மாநிலக் கடற்கரையில் உள்ள புரூக்கிங்ஸ் என்னும் சிற்றூரில், செயின்ட் திமொத்தி எபிஸ்கோப்பல் சபை பல ஆண்டுகளாக உணவு வழங்கிவந்தது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பிற ஆலயங்களின் உணவுப் பணி நின்றபோது, அது வாரத்தில் ஆறு நாள்வரை அப்பணியை நீட்டிக்க, சுற்றியிருந்த குடியிருப்பாளர் சிலர் பாதுகாப்புக் குறையும் தொந்தரவும் பற்றி நகராட்சியிடம் முறையிட்டனர். 2021இல் நகராட்சி, குடியிருப்புப் பகுதிகளில் அனுமதி பெற்று வாரம் இரண்டு நாள் மட்டுமே இலவச உணவு வழங்கலாம் என விதி இயற்றியது. சபை 2022இல் வழக்குத் தொடுத்தது. சமயப் பயிற்சிக்கு நில ஒழுங்குமுறைகளால் வரும் இடையூற்றைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின் அடிப்படையில், 2024 மார்ச் இறுதியில், அவ்வாண்டின் ஈஸ்டருக்குச் சில நாள்கள் முன்பு, சபைக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது.

அண்டை வீட்டாரின் முறையீட்டைக் கல்நெஞ்சம் என்று தள்ளுவது நேர்மையாகாது. சபையார் தாமாகத் தேர்ந்த தொண்டின் பாரத்தில் ஒரு பகுதியை, தேர்ந்தெடுக்காத அவர்களும் சுமக்க நேர்ந்தது. தெருவின் ஒழுங்குக்கும் கழிவறை வசதிக்கும் பொறுப்பேற்காமல் உணவு மட்டும் இடும் சபை பாதி வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அந்த நகராட்சி கண்ட தீர்வின் உள்ளே, பருவகால ஈகையின் உள்ளே இருக்கும் அதே தவறு இருக்கிறது. எத்தனை நாள் உண்ணலாம் என்பதை, பசியாதவர்கள் தங்கள் வசதிக்கேற்ப முடிவு செய்தார்கள். நாற்பது நாள் என்பதற்குப் பதில் இரண்டு நாள் என்றதைத் தவிர வேறுபாடு சிறிதே.

ஆகவே பெறுபவரையும் முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்துவது ஒரு பண்பு மட்டுமன்று. தவிர்க்க முடியாத அறத் தேவை. சான் பிரான்சிஸ்கோவின் நிசாவின் புனித கிரெகோரி எபிஸ்கோப்பல் ஆலயத்தில், அச்சபையின் உறுப்பினர் சாரா மைல்ஸ் 2000இல் தொடங்கிய உணவு வழங்கல், காய்கறியும் தானியமும் திருவிருந்துப் பீடத்தைச் சுற்றிலும் அடுக்கப்பட்டு நடந்தது. பொருள் பெற வந்தவர்கள் பலர் அங்கேயே பணியாளராகி, பிறருக்கு எடுத்துக் கொடுக்கும் நிலைக்கு வந்தனர். பெறுபவர் என்றும் வழங்குபவர் என்றும் நிரந்தரமாகப் பிரியாத இடத்தில் கருவி, இலக்கு என்ற கான்டின் ஐயம் வலுவிழக்கிறது.

உணவு வழங்குவதால் பசியின் காரணங்கள் நீங்கா என்பதும், கூலி, வீட்டு வாடகை, மருத்துவச் செலவு ஆகியவற்றில் மாற்றம் வேண்டும் என்பதும் உண்மையே. அம்மாற்றத்துக்காக உழைப்பது சபையின் கடமை என்பதிலும் ஐயமில்லை; ஆயினும் அதைக் காரணம் காட்டி இன்றைய சோற்றை மறுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் செய்யாதவர்களாகவே இருக்கிறார்கள்.

எனவே, சிறிய வருவாயுள்ள சபை ஒன்று, லெந்து முழுவதும் நாள்தோறும் உணவு வழங்கும் திட்டத்துக்கும், ஆண்டு முழுவதும் வாரம் ஒரு நாள் வழங்கும் திட்டத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், இரண்டாவதையே தேர வேண்டும். முதலாவதில் சபையாரின் உற்சாகம் கூடுதலாயிருக்கலாம், செய்திமடலில் அது அழகாகவும் தோன்றலாம். உண்ண வருபவருக்கு நம்பத்தக்கது இரண்டாவதே. லெந்து காலத்தில் செய்ய வேண்டியது, அந்த ஒரு நாளை அடுத்த ஆண்டு இரண்டாக்கச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் உண்டா என்று கணக்குப் பார்ப்பதும், உண்ண வருபவர்களையும் அக்கணக்கின் மேசைக்கு அழைப்பதுமே.